மெய்யான சமாதானம் எது? ஆயர்கள் எழுதிய ஒரு கடிதத்தின் வரலாறு

'சமாதானம்' என்ற சொல்லை என் பத்திரிகை வாழ்வில் எத்தனை தடவை தலைப்பாக இட்டிருப்பேன் என்று என்னால் கணக்குச் சொல்ல இயலாது. 1987 ஜூலையில் இலங்கை - இந்திய ஒப்பந்தம் கைச்சாத்தானபோதும், 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டபோதும் அச்சொல் பெரிய எழுத்துகளில் பத்திரிகைகளின் முதற்பக்கத்தை அலங்கரித்தது. 2009 மே மாதத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது அதே சொல் மீண்டும் வந்தது. சொல் ஒன்றுதான், ஆனால் ஒருவர் அதனை வெற்றி என்று வாசித்தார், இன்னொருவர் ஓய்வு என்று வாசித்தார், வேறொருவர் இழப்பு என்று வாசித்தார். அப்படியாயின் மெய்யான சமாதானம் என்பது யாது? கிறிஸ்தவ மரபு இதற்குக் கூறும் விடையையும், அவ்விடை ஐரோப்பாவில் ஒருமுறை எவ்விதம் சோதனைக்குள்ளானது என்பதையும் இங்கு எழுத விரும்புகின்றேன்.

இயேசு பிறந்த காலத்தில் உலகில் சமாதானம் இல்லாமல் இருக்கவில்லை. ரோமாபுரிச் சக்கரவர்த்தி அகஸ்டஸ் அதனை ஏற்கெனவே நிலைநாட்டிவிட்டதாகப் பறைசாற்றியிருந்தார். கி.மு. 9 ஆம் ஆண்டில் ரோமாபுரியில் சமாதானத்துக்கென ஒரு பலிபீடமே அர்ப்பணம் செய்யப்பட்டது. அது அமைந்த இடமோ போர்த் தெய்வமான மார்ஸின் பெயரைக் கொண்ட வெளி! எதிரிகள் அடக்கப்பட்டதும் பிறக்கும் அமைதியே ரோமரின் 'பாக்ஸ்'. அந்த அமைதியைக் காப்பதற்கென நியமிக்கப்பட்ட ஆளுநர் ஒருவரே இயேசுவைச் சிலுவையில் அறையும்படி தீர்ப்பளித்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இயேசு பேசிய யூத மரபில் சமாதானத்துக்குரிய சொல் 'ஷாலோம்'. போர் இல்லாமை மட்டும் அதன் பொருளன்று. முழுமை, குறைவின்மை, உறவுகள் செம்மையாக இருத்தல் ஆகியன அனைத்தும் அதனுள் அடங்கும். மக்களின் காயத்தை மேலெழுந்தவாரியாகக் கட்டிவிட்டு, சமாதானம் இல்லாத இடத்தில் சமாதானம் என்று சொன்னவர்களை இறைவாக்கினர் எரேமியா கடிந்துகொண்டார். உலகம் தருகின்ற விதமாகத் தான் சமாதானத்தைத் தரவில்லை என்று இயேசு தம் சீடருக்குக் கூறியதாக யோவான் நற்செய்தி சொல்கின்றது. அதே நற்செய்தியின் இறுதிப் பகுதியில், உயிர்த்தெழுந்த இயேசு பூட்டிய அறைக்குள் அஞ்சியிருந்த சீடரிடம் வந்து சமாதான வாழ்த்துக் கூறுகின்றார். கூறியவுடனே தம் கைகளிலும் விலாவிலும் இருந்த காயங்களைக் காட்டுகின்றார். இது நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய இடம். கிறிஸ்தவச் சமாதானம் காயங்களை மூடி மறைத்துவிட்டு வருவதன்று. காயங்களைக் காட்டிக்கொண்டே வருவது. ஆயினும் காட்டுவது பழிவாங்குவதற்காக அன்று.

வேதத்தில் சொல்வது எளிது. ஒரு தேசம் முழுவதும் காயம்பட்டிருக்கும்போது இதனைச் செய்து காட்ட இயலுமா? இக்கேள்விக்கு விடை தேடுவோர் 1965 ஆம் ஆண்டு போலந்துக் கத்தோலிக்க ஆயர்கள் ஜேர்மன் ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தைப் பார்க்க வேண்டும்.

1939 செப்டெம்பர் முதலாந் திகதி ஹிட்லரின் படைகள் போலந்தினுள் புகுந்தன. யுத்தம் முடிந்தபோது அந்நாட்டின் பிரஜைகளுள் ஏறக்குறைய அறுபது இலட்சம் பேர் மாண்டிருந்தனர். அவர்களுள் சரிபாதியினர் யூதர்கள். தலைநகர் வார்சோ திட்டமிட்டு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. டாஹாவ் வதைமுகாமில் மாத்திரம் 1,700க்கும் மேற்பட்ட போலந்து மதகுருமார் அடைக்கப்பட்டனர். அவர்களுள் 800க்கும் அதிகமானோர் உயிருடன் திரும்பவில்லை. உயிர்பிழைத்து வந்தவர்களுள் சிலர் பின்னர் ஆயர்களாயினர்.

மறுபுறத்திலும் துயரம் இருந்தது. 1945 இல் நேச நாடுகள் போலந்தின் எல்லைகளை மேற்கு நோக்கி நகர்த்தின. போலந்தின் கிழக்குப் பகுதி சோவியத் யூனியனுக்குப் போயிற்று. 1937 ஆம் ஆண்டின் ஜேர்மனியில் ஏறக்குறைய நாற்பங்கில் ஒன்று போலந்தின் வசமும் சோவியத் யூனியனின் வசமும் வந்தது. கிழக்கு ஐரோப்பாவெங்கணுமிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜேர்மானியர் தப்பியோடினர் அல்லது வெளியேற்றப்பட்டனர். ஓடர் - நைஸ்ஸ நதிகளை ஒட்டிய புதிய எல்லையைக் கிழக்கு ஜேர்மனி 1950 இல் ஏற்றுக்கொண்டது. மேற்கு ஜேர்மனியோ ஏற்க மறுத்தது. துப்பாக்கிகள் ஓய்ந்து இருபது ஆண்டுகளாகியும் இரு மக்களுக்குமிடையில் இருந்தது யுத்தமின்மை மட்டுமே, சமாதானம் அன்று.

இந்நிலையில் 1965 இன் இறுதியில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் நிறைவு அமர்வுக்காக இரு நாட்டு ஆயர்களும் ரோமாபுரியில் கூடியிருந்தனர். போலந்து கிறிஸ்தவத்தைத் தழுவி ஆயிரம் ஆண்டுகள் 1966 இல் நிறைவுபெறவிருந்தன. அவ்விழாவுக்கு அழைப்பு விடுத்து 56 நாடுகளின் ஆயர் பேரவைகளுக்குப் போலந்து ஆயர்கள் கடிதங்கள் எழுதினர். அவற்றுள் ஒன்றே நவம்பர் 18 ஆந் திகதியிட்ட ஜேர்மன் ஆயர்களுக்கான கடிதம். அதனை வரைந்தவர், முன்னர் ஜேர்மன் நகராகவிருந்த வ்ரோட்ஸ்வாவ் நகரில் பணியாற்றிய பேராயர் பொலெஸ்வாவ் கோமினெக். கர்தினால் ஸ்டெபான் விஷின்ஸ்கியும், பின்னாளில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பராக விளங்கிய கிராக்கோவ் பேராயர் கரோல் வொய்ற்றிவாவும் அதில் கையொப்பமிட்டோருள் அடங்குவர்.

அக்கடிதம் எதனையும் மறைக்கவில்லை. இரு மக்களதும் ஆயிரமாண்டு உறவின் நல்லவற்றையும் கெட்டவற்றையும் எடுத்துரைத்தது. நாசி ஆக்கிரமிப்பின் கொடுமைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. நாடிழந்த ஜேர்மானியரின் துன்பத்தையும் ஏற்றுக்கொண்டது. இறுதியில், தாங்கள் மன்னிப்பதாகவும், தங்களை மன்னிக்கும்படி கேட்பதாகவும் ஆயர்கள் எழுதினர்.

மன்னிக்கிறோம் என்பதைக்கூடச் சிலர் விளங்கிக்கொண்டிருப்பர். ஆனால் தாக்கப்பட்டவன், தாக்கியவனிடம் மன்னிப்புக் கேட்பதா? கம்யூனிச அரசாங்கம் சீற்றமுற்றது. வொவாடிஸ்வாவ் கொமுல்காவின் ஆட்சி பத்திரிகைகள் அனைத்தையும் ஆயர்களுக்கு எதிராகத் திருப்பிவிட்டது. தேசத்தின் பெயரால் பேச இவர்களுக்கு அதிகாரம் தந்தது யார் என்று கேட்கப்பட்டது. வொய்ற்றிவா இளமையில், ஆக்கிரமிப்புக் காலத்தில், தொழிலாளியாக உழைத்த சொல்வே இரசாயனத் தொழிற்சாலையின் ஊழியர்கள் பெயரிலேயே அவருக்கெதிராகப் பகிரங்கக் கடிதமொன்று வெளியிடப்பட்டது. 1966 விழாவுக்கு வர விரும்பிய பாப்பரசர் ஆறாம் சின்னப்பருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மே மாதம் 3 ஆந் திகதி செஸ்டகோவாவில் நடந்த பெருவிழாவில், அவருக்கான ஆசனத்தில் அவருடைய உருவப்படமே வைக்கப்பட்டிருந்தது.

எதிரணியிலிருந்து வந்த பதிலும் உற்சாகமளிப்பதாக இருக்கவில்லை. டிசெம்பர் 5 ஆந் திகதி ஜேர்மன் ஆயர்கள் அனுப்பிய பதிலில் மரியாதை இருந்தது, நன்றி இருந்தது, மன்னிப்புக் கோரலும் இருந்தது. ஆயின் எல்லைப் பிரச்சினையில் போலந்து மக்கள் எதிர்பார்த்த தெளிவு இருக்கவில்லை. ஜேர்மன் புரட்டஸ்தாந்துத் திருச்சபையே இதில் முந்திக்கொண்டிருந்தது. 1965 ஒக்டோபரில் அது வெளியிட்ட நீண்ட அறிக்கை, கிழக்கு அயலவருடன் நல்லிணக்கம் காணுமாறும் புதிய எல்லை யதார்த்தத்தை எதிர்கொள்ளுமாறும் தன் மக்களையே கேட்டிருந்தது.

அக்காலத்துப் பத்திரிகையாளன் எவனும், கடிதம் தோல்வி என்றே எழுதியிருப்பான். நானும் அவ்விடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஏனெனில் நாளிதழின் கணக்கு நாட்களில் அமைவது. சமாதானத்தின் கணக்கு தலைமுறைகளில் அமைவது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1970 டிசெம்பர் 7 ஆந் திகதி, எல்லையை ஏற்கும் உடன்படிக்கையில் கைச்சாத்திட மேற்கு ஜேர்மன் அதிபர் வில்லி பிராண்ட் வார்சோ சென்றார். அங்கு யூதர்களின் எழுச்சி நினைவுச் சின்னத்தின் முன்னே, எவரும் எதிர்பாராத வகையில் முழந்தாளிட்டார். ஹிட்லரை எதிர்த்து 1933 இலேயே நாட்டைவிட்டு வெளியேறியவர் அவர். தனிப்பட்ட முறையில் குற்றமற்றவர். ஆயினும் தம் தேசத்தின் குற்றத்தைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். அப்போது எடுக்கப்பட்ட கருத்துக் கணிப்பொன்றில் மேற்கு ஜேர்மானியருள் 48 சதவீதத்தினர் அச்செயலை மிகையானது என்றும், 41 சதவீதத்தினர் பொருத்தமானது என்றும் கூறினர். 1972 இல் வத்திக்கான் அப்பகுதிகளின் மறைமாவட்டங்களைப் போலந்து எல்லைக்கேற்ப ஒழுங்குபடுத்தியது.

1989 நவம்பர் 9 ஆந் திகதி பேர்லின் சுவர் திறந்தது. மூன்று நாட்களின் பின், 12 ஆந் திகதி, போலந்தின் கிஷிஷோவா கிராமத்தில் ஒரு திருப்பலி நடைபெற்றது. ஹிட்லரை எதிர்த்தமைக்காக 1945 ஜனவரியில் தூக்கிலிடப்பட்ட ஹெல்முத் ஜேம்ஸ் பொன் மோல்ட்கேயின் பண்ணை அது. திருப்பலியில் சமாதானம் பகிர்ந்துகொள்ளும் வேளையில், ஜேர்மன் அதிபர் ஹெல்முத் கோலும், முன்னாள் பத்திரிகையாளரான போலந்துப் பிரதமர் ததேயுஷ் மசோவியெட்ஸ்கியும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். மறு ஆண்டு, 1990 நவம்பரில், ஐக்கிய ஜேர்மனி அவ்வெல்லையை உறுதிப்படுத்தி ஒப்பமிட்டது. கடிதத்துக்கும் அத்தழுவலுக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள். கோமினெக் அதனைக் காணவில்லை; 1974 இல் அவர் இறந்துவிட்டார்.

இவ்வரலாற்றிலிருந்து நான் விளங்கிக்கொள்வது இதுதான். அரசியல் உடன்படிக்கை தேவையற்றது என்று கிறிஸ்தவம் சொல்லவில்லை; எல்லை தீராமல் அந்த உறவும் தீர்ந்திருக்காது. மன்னிப்பு என்பது நீதிக்கு மாற்றீடு என்றும் அது சொல்லவில்லை. போலந்து ஆயர்கள் மாண்டோரை முதலில் கணக்கிட்டார்கள், அதன் பின்னரே மன்னித்தார்கள். உண்மை முன்னே செல்ல வேண்டும். வெற்றி பெற்றவர்கள் தோற்றவர்களைப் பார்த்து மறந்துவிடுங்கள் என்று கட்டளையிடுவது மன்னிப்பாகாது. அது அகஸ்டஸின் பலிபீடம்.

நம் நாட்டுக்கு இது தூரத்துக் கதையன்று. இலங்கைக் கத்தோலிக்கத் திருச்சபையில் சிங்களவரும் தமிழரும் உள்ளனர். மடு அன்னையின் முன் இரு மொழியினரும் மன்றாடுகின்றனர். 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், வன்னியில் கணக்கில் வராத 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். 2021 ஏப்ரலில் அவர் இறைபதம் அடையும்வரை அதற்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. அது பகைமையின் கேள்வி என்று சிலர் கூறினர். என் பார்வையில் அது சமாதானத்தின் கேள்வி. காயத்தைக் காட்டாமல் சமாதானம் கூற இயலாது என்பதை அறிந்த ஒருவரின் கேள்வி.

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்பது மத்தேயு நற்செய்தி கூறும் அறிவுரை. உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அங்கே சொல்லப்படவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்றே சொல்லப்பட்டுள்ளது. முதலடியை எடுத்துவைக்கும் பொறுப்பு யாருடையது என்று இன்னும் வாதிட்டுக்கொண்டிருப்போர், இந்த ஒரு வேறுபாட்டைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.