முசுறும் கோப்பித் தோட்டமும்

இரசாயனப் பசளை, பூச்சிகொல்லி ஆகியவற்றின் இறக்குமதியை இலங்கை அரசு 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் தடைசெய்து, நவம்பரில் அத்தடையை நீக்கிக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களில் முன்னோரின் இயற்கைப் பூச்சித் தடுப்பு முறைகள் பெரிதும் புகழப்பட்டன. அப்புகழ்ச்சி தகுதியற்றதன்று. ஆயினும் அம்முறைகளுக்குரிய உழைப்பையும் நோவையும் ஏற்போர் யாவர் என்ற வினாவும் எழுப்பப்படுதல் வேண்டும். கிராம வயலும் பெருந்தோட்டமும் அருகருகே அமைந்த மாத்தளை மாவட்டம் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும்.

மாவட்டத்தின் வடபால் தம்புள்ளையைச் சூழ்ந்த உலர் வலயத்திலும், கிழக்கே லக்கலைப் பகுதியிலும் நெல்லும் சேனைப் பயிர்களும் நெடுங்காலமாக விளைந்துவந்தன. சிங்களக் கிராமங்களின் வேளாண் மரபில் வயலின் ஒரு துண்டு பறவைகளுக்கென விடப்படுவதுண்டு. ‘குருலு பாலுவ’ என்பது அதன் பெயர். நெல்லுண்ண வரும் பறவை புழுவையும் உண்ணும். பனியில் நனைந்த இலைகளின்மீது அடுப்புச் சாம்பல் தூவுதல், தானியத்தோடு வேப்பிலை இட்டுச் சேமித்தல், இரவில் தீப்பந்தம் ஏற்றி அந்துகளை ஈர்த்து அழித்தல் என்பனவும் மரபு வழிப்பட்டவையே. ‘கெம்’ எனப்படும் கிரியை முறைகளிலோ நம்பிக்கையும் அனுபவ அறிவும் பிரிக்கவியலாதவாறு கலந்துள்ளன. அவற்றை முற்றாக மூடநம்பிக்கை என ஒதுக்குவதும், முற்றாக விஞ்ஞானம் எனப் போற்றுவதும் ஒருங்கே தவறாகும். ஈண்டுக் கருதத்தக்கது வேறொன்று. பறவைக்கு விடப்பட்ட நெல் உழவனின் சொந்த நெல். பந்தம் ஏந்தி விழித்திருந்தவனும் அவனே. இழப்பும் பயனும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தன.

1840களில் மாத்தளைக் குன்றுகள் கோப்பித் தோட்டங்களாக மாறின. தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிய தொழிலாளர், தம்புள்ளை வழியாகக் கால்நடையாக மாத்தளையை அடைந்தனர். வழியிலேயே மாண்டோர் பலர். ஒரே பயிர் குன்று குன்றாகப் பரந்த இடத்தில் பூச்சிக்கு உணவுப் பஞ்சம் இல்லை. அப்பத்தாண்டிலேயே செதிற்பூச்சி ஒன்று மலைநாட்டுத் தோட்டங்களிற் பெருகியது. கிளையிலும் இலையிலும் ஒட்டிச் சாற்றை உறிஞ்சும் அதன் இனிய கழிவின்மேல் கரும்பூஞ்சணம் படர்ந்தது. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளராக விளங்கிய ஜோர்ஜ் கார்ட்னர் இந்நோயை ஆராய்ந்து எழுதினார்.

தோட்டத் துரைமார் கண்ட பரிகாரங்களுள் ஒன்று முசுறு. இலைகளை இழையாற் பிணைத்து மரத்திற் கூடு கட்டும் இச்செவ்வெறும்பு சிங்களத்தில் ‘திமியா’ எனப்படும். தென்சீனத்தில் தோடை மரங்களைக் காப்பதற்காக எறும்புக் கூடுகள் விற்கப்பட்டமையைப் பழைய சீன நூல்கள் கூறுகின்றன. எனவே முயற்சி விசித்திரமானதன்று. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட், 1861 இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் இதன் விளைவைப் பதிவுசெய்துள்ளார். எண்ணெய் பூசிய வெற்றுடம்பினராய் வேலைசெய்த தமிழ்த் தொழிலாளரை எறும்புகள் கடுமையாகத் தாக்கின. முசுறு கடித்த இடத்தில் அமிலத்தையும் பாய்ச்சும். வேதனையை ஊகிப்பது அரிதன்று. டெனன்ட் சுட்டும் கவலையோ வேறு: தொழிலாளர் தோட்டத்தை விட்டுப் போய்விடக்கூடும் என்பதே. தோட்டத்தின் பெயரை அவர் கூறவில்லை. எனினும் மாத்தளை உள்ளிட்ட கோப்பிப் பிரதேசம் எங்கும் கூலி உழைப்பின் அமைப்பு ஒன்றே.

மருந்தும் ஐயத்துக்குரியதே. முசுறு செதிற்பூச்சியின் இனிய கழிவை விரும்பி, அப்பூச்சியைப் பேணிக் காப்பதுமுண்டு என்பது பூச்சியியலார் கண்ட உண்மை. கிராமத்து உழவன் தன் வயலில் நாள்தோறும் கண்டு திருத்தியிருக்கக்கூடிய பிழை இது. எறும்பை அவிழ்த்துவிட்ட துரையோ செடிகளுக்கிடையே வெற்றுடம்போடு நின்றவர் அல்லர்.

1869 இல் கோப்பியின் இலைத்துரு நோய் இலங்கையில் இனங்காணப்பட்டது. அது பூஞ்சணத்தால் விளைவது. எறும்பால் ஆவது ஒன்றுமில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளிற் கோப்பித் தொழில் சரிந்தது. மாத்தளையில் கொக்கோவும் தேயிலையும், பின்னர் இறப்பரும் இடம்பெற்றன. எஞ்சிய தொழிலாளர் அப்பயிர்களுக்கு மாற்றப்பட்டனர்.