சென்சார் காப்பி

2015ல் இங்கே பொம்மசந்திராவில் எங்கள் வீட்டுக்கு ஒரு பென் டிரைவ் வந்தது. உள்ளே 'பிரேமம்'. மலையாளம் அரைகுறைதான், இருந்தாலும் குடும்பத்தோடு பார்த்தோம். திரையில் தெரிந்த 'சென்சார் காப்பி' முத்திரையை யாரும் கண்டுகொள்ளவில்லை.

தணிக்கைக்குப் போன பிரதி அது. ஜூலையில் திருவனந்தபுரம் தணிக்கை அலுவலகத் தற்காலிக ஊழியர்கள் கைதானதைப் படித்தபோதுதான் உறைத்தது.

நிற்க. ஹாலிவுட்டிலும் இதே கதைதான். அப்போதெல்லாம் ஆஸ்கருக்கு ஓட்டுப் போடுகிறவர்களின் வீட்டுக்கே படத்தை அனுப்பிவந்தார்கள். திருட்டுக்குப் பயந்து 2003ல் பெரிய ஸ்டூடியோக்களின் சங்கம் இதை நிறுத்தியது. சின்னத் தயாரிப்பாளர்கள் கோர்ட்டுக்குப் போய் டிசம்பரில் ஜெயித்தார்கள். விளம்பரத்துக்குக் காசில்லாதவனுக்கு அந்தத் தட்டுதானே வழி! மறுமாதமே ஒரு பிரதி இணையத்தில் வந்துவிட்டது. அதிலிருந்த ரகசியக் குறி, 'காட்ஃபாதர் 2'ல் நடித்த கார்மைன் கரிடியைக் காட்டிக்கொடுத்தது. நண்பருக்குக் கொடுத்தாராம். அகாடமி அவரை நீக்கியது.

பேங்கில் ஸ்ட்ராங் ரூமைத் திறக்க இரண்டு பேர் சாவி வேண்டும். இங்கே ஒரே ஆள், ஒரே தட்டு.

2016ல் 'உட்தா பஞ்சாப்' சென்சார் பிரதி ரிலீசுக்கு இரண்டு நாள் முன்பே வெளியானது. அதையும் ஒருவர் நீட்டினார். வாங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.