தகுதி என்னும் சொல்லும் அதைச் சொன்னவர் நின்ற இடமும்: மைசூர், 1918

பெங்களூரின் கே.ஆர். சர்க்கிள் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் பெயரைத் தாங்கியது. அதன் அருகில் உள்ள பொறியியல் கல்லூரியை 1917இல் நிறுவியவர் அவருடைய திவான் விசுவேசுவரய்யா. இன்று அக்கல்லூரி அவர் பெயராலேயே வழங்குகிறது. மைசூர் வங்கி (1913), மைசூர்ப் பல்கலைக்கழகம் (1916) என இருவரும் இணைந்து உருவாக்கியவை பல. அவ்விருவரையும் பிரித்தது ஒரு கேள்வி: அரசுப் பணிக்கு உரியவர் யார்?

அக்கேள்விக்கு முன்வரலாறு ஒன்று உண்டு. 1881க்குப் பின் ரங்காசார்லு, சேஷாத்ரி ஐயர் எனச் சென்னை மாகாணத்தவர் திவான்களாக அமர்ந்தனர். அதற்கு எதிர்வினையாக, மைசூர் மைசூராருக்கே என்ற முழக்கம் எழுந்தது. ஆயினும் அது பெரும்பாலும் சென்னைப் பிராமணருக்கும் மைசூர்ப் பிராமணருக்கும் இடையிலான போட்டியாகவே நடந்தது. மக்கள்தொகையில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரான பிராமணர்களிடம் உயர்பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தது. ஏனையோர் அந்த வழக்கில் ஒரு தரப்பாகக்கூட எண்ணப்படவில்லை. 1917இல் தோன்றிய பிரஜா மித்ர மண்டலி அந்த நிலையை மாற்றியது. அதன் கோரிக்கையை ஏற்ற மன்னர், தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் 1918இல் ஒரு குழுவை அமைத்தார். விசுவேசுவரய்யா பதவி விலகினார். வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. எனினும் இக்கருத்து வேறுபாடே முதன்மையானது.

இதனைச் சாதிப்பற்று என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் 1913ஆம் ஆண்டுச் சட்டம் அவர் காலத்தில்தான் வந்தது. கல்வியைப் பரப்பினால் வேற்றுமை தானே மறையும்; அதுவரை தகுதியை விட்டுக்கொடுத்தால் நிருவாகமும் உற்பத்தியும் சீர்குலையும் என்பதே அவர் நிலைப்பாடு.

அந்நிலைப்பாட்டின் வேர் அவருடைய வாழ்விலேயே இருந்தது. இளமையில் தந்தையை இழந்தவர் அவர். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் பயின்றபோது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் செலவைச் சமாளித்தார். மைசூர் அரசின் உதவித்தொகையில் புனேயில் பொறியியல் கற்று முதலிடம் பெற்றார். வறுமையை உழைப்பால் வெல்லலாம் என்பது அவருக்குப் பட்டறிவு. ஆனால் தந்தை வடமொழிப் புலவர். நகரில் ஆதரிக்கத் தாய்மாமன் இருந்தார். எழுத்தறிவு குடும்ப மரபு. வறுமை அவர் கண்ணுக்குத் தெரிந்த தடை. இவையோ கண்ணுக்குத் தெரியாத துணை. தாம் ஏறிய படிகளை அவர் துல்லியமாக எண்ணினார். அப்படிகளின் அடிவாரத்துக்கே வர இயலாதோர் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் இந்தியர்க்கு உச்சப் பதவி எட்டாதிருந்ததை அறிந்தவர் அவர். தகுதிக்கு அப்பாற்பட்ட தடையை இனத்தின் பெயரால் கண்டவர், சாதியின் பெயரால் காணாதது சிந்திக்கத் தக்கது.

மன்னரும் ஓரிடத்தில் நின்றே பார்த்தார். அவர் சார்ந்த அரசு சமூகம் சிறியது. எல்லாச் சமூகத்தாரின் நம்பிக்கையும் அரியணைக்குத் தேவைப்பட்டது. மண்டலியின் தலைவர்களும் பெரும்பாலும் நிலமும் வணிகமும் உடைய சமூகங்களின் படித்த பிரிவினர். ஆகவே ஒருவர் குறுகிய நோக்கினர், மற்றவர் பரந்த நோக்கினர் என்று பிரிப்பது வரலாறாகாது.

வேறுபாடு முறையில் இருந்தது. திவான் தம் அனுபவத்தைச் சான்றாகக் கொண்டார். மன்னரோ தமக்குப் புறம்பான ஒரு விசாரணையிடம் கேள்வியை ஒப்படைத்தார். மில்லர் குழு யார் எத்தனை பதவிகளில் உள்ளனர் என்று எண்ணிப் பார்த்தது. 7 ஆண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதிக்குக் குறையாமலும் கீழ்நிலைப் பதவிகளில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் பிராமணரல்லாதார் அமர வேண்டும். தகுதி பெற்ற ஒடுக்கப்பட்ட வகுப்பினர் கிடைக்குமிடத்து அவர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என 1919இல் பரிந்துரைத்தது. 1921இல் அரசு அதனை ஏற்றது. அதே ஆண்டு சென்னையில் நீதிக்கட்சி அரசு தன் முதல் வகுப்புவாரி ஆணையை வெளியிட்டது. கோல்ஹாப்பூரில் சாகு மகராஜ் 1902இலேயே 50 விழுக்காடு ஒதுக்கியிருந்தார்.

நடைமுறையில் முதற்பயன் வொக்கலிகர், லிங்காயத்தார் போன்ற நிலவுடைமைச் சமூகங்களுக்கே மிகுதியும் சென்றது. எண்ணிக்கையும் எல்லாரையும் காட்டிவிடவில்லை. ஆனால் எண்ணிக்கையைத் திருத்தக் கோரலாம். மீண்டும் எண்ணச் சொல்லலாம். பின்வந்த ஹாவனூர் ஆணையம் (1972–75) அதைத்தான் செய்தது. தலைவர் ஒருவரின் சொந்த அனுபவத்தோடு அவ்வாறு வழக்காட இயலாது. அது அவரளவில் உண்மை. அந்த உண்மையே ஆட்சியின் அளவுகோலாகும்போது, நேர்மையான தலைவரும் தம் ஆட்சிக்குட்பட்ட பெரும்பான்மையோரைக் காணத் தவறுகிறார். விசுவேசுவரய்யாவின் நேர்மையை ஐயுறாமலே இதனைச் சொல்ல இயலும் என்பதுதான் 1918 நமக்கு விட்டுச்சென்ற கடினமான பாடம்.