கலைக்களஞ்சியமும் நம் குலவரலாறும்

ஒரு குலத்தாரின் பெருமையைப் பாடுதல் வேறு. அக்குலத்தாரின் வரலாற்றை வரைதல் வேறு. முன்னது அன்பின்பாற் பிறப்பது. பின்னது ஆராய்ச்சியின்பாற் பிறப்பது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொள்வதனால் விளையும் இடரை நம் சமூகத்தார்க்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இந்நாளில் அச்சிட்ட கலைக்களஞ்சியங்களேயன்றி, எவரும் புகுந்து எழுதவும் திருத்தவும் இயலும் இணையக் கலைக்களஞ்சியங்களும் பெருகியுள்ளன. அவற்றுள் சௌராஷ்டிரர் என்னும் தலைப்பின்கீழ் எதனை எழுதுவது, எதனை விடுவது என்னும் வினா நம் இளைஞரிடையே எழுந்துள்ளது. பெருங்குலங்களைப் பற்றி ஒரு நூல் பிழைபட உரைப்பினும், அதனைத் திருத்தும் நூல்கள் வேறு பல உள. மதுரை, பரமக்குடி, திண்டுக்கல், சேலம், கும்பகோணம், அய்யம்பேட்டை முதலிய சில ஊர்களிலே செறிந்து வாழும் நம்போன்ற சிறு குலத்தார்க்கோ அவ்வாய்ப்புக் குறைவு. நம்மை அறிய விழையும் அயலார் ஒருவர் படிப்பது பெரும்பாலும் அவ்வொரு பக்கத்தையே. ஆகலின் அதன்கண் ஒரு வரி பிழைபடினும் அதுவே நம் வரலாறாய் நிலைத்துவிடும்.

முதற்கண் பெயரை நோக்குவோம். எட்கர் தர்ஸ்டன் என்பார் ரங்காசாரியாரின் துணைகொண்டு 1909-ஆம் ஆண்டில் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட, தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலில், நாம் பட்டுநூல்காரர் என்னும் தலைப்பிலேயே வைக்கப்பெற்றுள்ளோம். கிரியர்சன் துரையும் தம் இந்திய மொழியாய்வில் நம் மொழியைப் பட்டுநூலி எனப் பெயரிட்டுக் குஜராத்தியின் கிளையாகவே கொண்டார். இப்பெயர் பிறர் இட்டது, தொழில்பற்றி வந்தது, ஆதலின் அதனை அறவே நீக்குக என்பார் நம்முள் உளர். அஃது எமக்கு உடன்பாடன்று. ஒரு குலத்தார் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொள்கின்றனரோ அப்பெயரே தலைப்பாதல் முறை. ஆயினும், பழைய ஆவணங்கள் பல பட்டுநூல்காரர் என்றே கூறுதலின், அப்பெயரை மறைப்போமாயின், அவ்வாவணங்களுக்குச் செல்லும் வாயிலை நாமே அடைத்தவராவோம். பெயர் வந்த வரலாறும் வரலாறே.

இனித் தோற்றத்தைப் பற்றி ஆராய்வோம். நம் அளவைநூலார் காண்டல், கருதல், உரை என அளவையை மூன்றாக வகுப்பர். இப்பாகுபாடு வரலாறு எழுதுவார்க்கும் பெரிதும் பயன்படுவதாம். மத்தியப் பிரதேசத்தில் இன்று மண்டசோர் என வழங்கும் பண்டைத் தசபுரத்தில் ஒரு கல்வெட்டு உளது. லாட நாட்டினின்று அவ்வூர்க்குக் குடியேறிய பட்டு நெசவாளர் குழுவினர், குப்தப் பேரரசன் குமாரகுப்தன் காலத்தே, கி.பி. 437-ஐ ஒட்டிச் சூரியனுக்குக் கோயில் எடுத்தனர் என்றும், 473-ஐ ஒட்டி அதனைப் புதுக்கினர் என்றும் அது கூறுகின்றது. அவருள் சிலர் வில்வித்தையிலும் சிலர் சோதிடத்திலும் சிலர் கதை கூறுதலிலும் வல்லராயினர் என்றும் அதனைப் பாடிய வத்சபட்டி என்னும் புலவர் உரைக்கின்றார். இது காண்டல். ஆனால் அந்நெசவாளர் தெற்கு நோக்கிப் புறப்பட்டனர் என்றோ, மதுரையை அடைந்தனர் என்றோ ஒரு சொல்லும் அக்கல்லில் இல்லை.

நம் மொழி குஜராத்தியொடும் மராத்தியொடும் உறவுடையது. தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகியவற்றின் சொற்கள் அதன்கட் கலந்துள்ளன. இதுகொண்டு, நம் முன்னோர் வடமேற்கினின்று புறப்பட்டுப் பல நாடுகளில் தங்கித் தமிழகம் புக்கனர் எனத் துணிதல் கருதலாம். தேவகிரியினும் பின்னர் விசயநகரத்தும் வாழ்ந்து, திருமலை நாயக்கர் (1623–1659) அழைப்பின்பேரில் மதுரைக்கு வந்தோம் என முதியோர் வழிவழியாகக் கூறிவருவது உரையாம். இம்மூன்றற்கும் கலைக்களஞ்சியத்தில் இடம் உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தன்தன் பெயராலேயே நிற்றல் வேண்டும். உரையைக் காண்டல் எனக் காட்டி ஒருமுறை அகப்பட்டுக்கொள்வோமாயின், ஐயத்திற்கு இடமில்லாத நம் உண்மைகளும் ஐயத்திற்கு உள்ளாகும். நூறு உண்மைகளின் மதிப்பை ஒரு மிகையுரை கெடுத்துவிடும் என்பதை நம்மவர் மறவாதிருப்பாராக.

அடுத்து, வருண உயர்வு பற்றிய பகுதி. 1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் ரிஸ்லி என்பார் குலங்களை உயர்வு தாழ்வு நோக்கி வரிசைப்படுத்த முற்பட்டமையால், குலங்கள் பலவும் விண்ணப்பங்களொடு அரசாங்கத்தின் வாயிலில் நின்றன. நம் முன்னோர் உபாகர்மம் செய்தமை பற்றி எழுந்த வழக்கில், மதுரையை ஆண்ட அரசி மங்கம்மாள் அவர்க்குச் சார்பாக ஓலை வழங்கினாள் என்னும் செய்தியும் தர்ஸ்டன் நூலிற் காணப்படுகின்றது. இவற்றை விடல் வேண்டும் என யாம் கூறவில்லை. இன்ன காலத்தில் இன்ன உரிமையை வேண்டினர், இன்னார் எதிர்த்தனர், இன்ன தீர்ப்புக் கிடைத்தது என நிகழ்ச்சியாக எழுதுக. ஆகவே யாம் இன்னாரினும் உயர்ந்தோம் என முடிவுரை கூறற்க. முன்னது வரலாறு, பின்னது வழக்காடல். வழக்காடுமிடம் கலைக்களஞ்சியமன்று. அன்றியும், பிறரைத் தாழ்த்தி எழுதிய வரியினால் எக்குலமும் உயர்ந்ததில்லை.

பெரியோர் பட்டியலே மிகுதியும் பூசல் விளைப்பது. தத்தம் ஊர்ச் செல்வர் பெயரும் தத்தம் பாட்டனார் பெயரும் அதனுள் இடம்பெறல் வேண்டும் என ஒவ்வொருவரும் விழைகின்றனர். இதற்கு யாம் கொள்ளும் அளவுகோல் ஒன்றே: ஒருவர் செய்த பணி, நம் குலத்தைச் சாராதாரும் நாடி அறியத்தக்கதோ என்பது. தியாகராச சுவாமிகளின் மாணாக்கராகிய வாலாசாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) அவ்வாறு அறியத்தக்கவர். அவர் வழிவந்த சுவடிகளின்றிச் சுவாமிகளின் கீர்த்தனைகளை ஆராய்தல் இயலாது. நம் மொழியிலும் தமிழிலும் பக்திப் பாடல்கள் அருளிய நடனகோபால நாயகி சுவாமிகள் (1843–1914), நம் மொழிக்கு எழுத்தும் பாடநூலும் அமைக்க உழைத்த இராமராய் (1852–1913), மதுரைக் காந்தி எனப் பெற்ற என்.எம்.ஆர். சுப்பராமன் (1905–1983), 1993-ல் சாகித்திய அகாதெமியின் பரிசு பெற்ற எம்.வி. வெங்கட்ராம் (1920–2000), 2013-ல் மறைந்த டி.எம். சௌந்தரராஜன் ஆகியோரும் அத்தகையோரே. இவர்க்கும் ஓரிரு வரி போதும். சௌந்தரராஜனாரின் குரல் தமிழர் அனைவர்க்கும் உரியது. அதனை நம் குலத்தின் வேலிக்குள் அடைத்தல் அவர்க்குப் பெருமை ஆகாது.

நிற்க, சேர்க்கத் தகாதனவற்றைச் சேர்க்க முந்தும் நாம், சேர்க்கத் தக்கனவற்றை விட்டுவிடுகின்றோம். மதுரைச் சுங்குடி 2005-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அச்சேலையின் ஒவ்வொரு புள்ளியும் நம் பெண்டிர் நூலால் முடிந்த முடிச்சினாற் பிறந்தது. இன்று மெழுகச்சுப் பெருகிக் கைமுடிச்சு அருகிவிட்டது. அம்முடிச்சு முறைகளின் பெயர்களையும், கிடைத்த கூலியையும், சாயம் தோய்த்த முறையையும் எழுதினார் எத்துணையர்? தறியை நம்பி வாழ்ந்தோர் பட்ட வறுமையை வெங்கட்ராம் தம் வேள்வித் தீ என்னும் புதினத்தில் எழுதினார். நம் குலவரலாறு எழுதுவோர் அதனைத் தொடவும் கூசுகின்றனர். வறுமையைக் கூறுதல் இழிவன்று. அதனை மறைத்தலே முன்னோர்க்குச் செய்யும் தீங்கு.

எண்ணிக்கையும் அத்தகையதே. சௌராஷ்டிர மொழியைத் தாய்மொழியாகக் குறித்தோர் 2001-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 1,85,420 பேர். 2011-ல் 2,47,702 பேர். இது மொழியினர் தொகையேயன்றிக் குலத்தினர் தொகையன்று. வீட்டில் தமிழே பேசிப் பழகித் தமிழையே குறித்தார் இதனுள் அடங்கார். மேடையிற் கூறப்பெறும் பல இலக்கங்களை விடுத்து, இவ்வெண்ணையும் இதன் குறையையும் ஒருங்கே எழுதுதல் நேர்மையாம். நம் எழுத்து 2008-ல் ஒருங்குறியில் இடம்பெற்றது என்று மகிழ்ந்து எழுதுவோர், அவ்வெழுத்தைப் படிக்கவல்லார் நம்முட் சிலரே என்பதையும் உடனெழுதுக.

நம்மை நாமே புகழாவிடின் யார் புகழ்வார் எனச் சிலர் வினவலாம். புகழ்தற்கு நம் சபைகளும் விழாக்களும் இவ்விதழும் உள. கலைக்களஞ்சியமோ நம்மை அறியாத அயலார்க்கும், இனிப் பிறக்கும் நம் பேரர்க்கும் உரியது. நம் மொழியை மறந்த பேரன் ஒருவன் தான் யார் என அறிய அப்பக்கத்தைப் புரட்டுங்கால், அவனுக்கு வேண்டுவது புகழுரையன்று, நம்பத்தக்க விடை.

இன்னும் ஒன்று கூறி அமைவோம். முன்னரே எழுத்திற் பதிந்து சான்றொடு நிற்பதனையே கலைக்களஞ்சியம் ஏற்கும். பாட்டியின் வாயில் மட்டும் உள்ளது அதனுட் புகாது, அவளொடு மறைந்தொழியும். ஆகலின், அங்கு ஒரு வரிக்காகப் பூசலிடுவதை விடுத்து, ஊர்தோறும் உள்ள நம் சபையார் பழைய கணக்கேடுகளையும் திருமண ஓலைகளையும் தொழிற்சொற்களையும் முதியோர் கூற்றுக்களையும், கூறினார் பெயர், ஊர், நாள் ஆகியவற்றொடு தொகுத்து அச்சேற்றுவாராக. சான்று பெருகின், பக்கம் தானே பெருகும்.