உருகிய ஐஸ்க்ரீம்!

ஐஸ்க்ரீம் உருகியதால் ஒரு மோட்டார் பிறந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்காவில் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

விஸ்கான்சின் மாநிலம், ஓகாச்சி ஏரி. 1906-ம் வருடக் கோடை. நார்வேயில் பிறந்த மெக்கானிக் ஓலே எவின்ரூட், காதலி பெஸ்ஸுடன் பிக்னிக் வந்திருந்தார். அம்மணிக்கு ஐஸ்க்ரீம் ஆசை. மனிதர் துடுப்பு போட்டு அக்கரைக்குப் போய் வாங்கித் திரும்புவதற்குள் எல்லாம் பாலாகிவிட்டது! அந்தக் கடுப்பில் முளைத்த யோசனை, 1909-ல் விற்பனைக்கு வந்தது. படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டார். வேறு சிலர் முன்பே செய்திருந்தாலும், ஊரெல்லாம் கொண்டுபோனவர் எவின்ரூட்தான். விளம்பரம் எழுதியது, மனைவியாகிவிட்ட பெஸ்.

கோடை சரி, குளிர்காலம்? ஏரியே உறைந்துபோகும். மோட்டார் மாசக்கணக்கில் மூலையில் கிடக்கும். வில்லங்கம் அங்கேதான். உள்ளே தேங்கிய பெட்ரோலில் லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் காற்றுபட்டுப் பிசினாகும். கார்புரேட்டரின் பொடித் துளை அதில் அடைத்துக்கொள்ளும். அப்புறம் என்னதான் கயிற்றை இழுத்தாலும் மோட்டார் அசையாது.

ஆகவே, ஒதுக்கிவைக்கும் முன் ஒரு சடங்கு. புது பெட்ரோலில், அது கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் மருந்தைக் கலப்பார்கள். மோட்டாருக்குத் தண்ணீர் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓட்டி, மருந்து கார்புரேட்டர் வரை போகவிடுவார்கள். பிறகு கார்புரேட்டரில் மிஞ்சியதை வடித்துவிடுவார்கள். தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரையும் மாற்றுவார்கள்.

இப்படி நிம்மதியாக இருந்தவர்களுக்கு 2005-ல் புதுத் தலைவலி. பெட்ரோலில் எத்தனால் போன்ற எரிபொருளைக் கலப்பதை அமெரிக்கச் சட்டம் கட்டாயமாக்கியது. காரில் பிரச்னை குறைவு. டேங்க் அடிக்கடி காலியாகி நிரம்பும். படகு அப்படியா? எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து, டேங்க்கின் அடியில் தங்கிவிடும். மோட்டாருக்குப் போகும் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்! பிரிந்தபிறகு எந்த மருந்தும் அதைச் சேர்க்காது. கொட்டிவிட வேண்டியதுதான். 2010-ல் 15 சதவிகித எத்தனாலுக்கு அங்கே அனுமதி வந்தபோதும், படகு மோட்டாருக்குக் கூடாது என்றே சொல்லிவிட்டார்கள்.

நமக்கென்ன என்கிறீர்களா? 2025-ல் இந்திய பெட்ரோலில் எத்தனால் 20 சதவிகிதத்தைத் தொட்டுவிட்டது. ஐஸ்க்ரீம் உருகினால் கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல் கெடுவது தெரியாது. வீட்டில் மாசக்கணக்கில் ஸ்டார்ட் செய்யாத ஸ்கூட்டர் ஏதாவது நிற்கிறதா, பாருங்கள்!