பூட்டிய அலமாரியும் இன்ஹேலரும்



பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுவரும் மருந்தை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுவதே முறை என்று நம்மில் பலரும் பழகிவிட்டோம். மருத்துவர் எழுதிய அளவு, பெற்றோரின் கையொப்பம், மாணவர் பெயர் ஒட்டிய புட்டி, சாவி யாரிடம் என்ற குறிப்பு என அதற்கோர் ஒழுங்கும் உண்டு. மாத்திரைக்கும் மருந்து நீருக்கும் இவ்வொழுங்கு பொருந்தும். ஆனால், ஆஸ்துமா உள்ள பிள்ளையின் பையில் கிடக்கும் அந்தச் சிறிய நீலநிற இன்ஹேலரும் அதே அலமாரிக்குள் போகலாமா? இக்கேள்வியை எண்ணிப் பார்க்க, அக்கருவி கடந்துவந்த வழியை அறிந்துகொள்வது பயன் தரும்.

நம் முன்னோர் ஈளை என்றும் இழுப்பு என்றும் சொன்ன நோய்தான் இது. மூச்சுக்குழாய்கள் சுருங்கி வீங்க, உள்ளே போன காற்று வெளியேற முடியாமல் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. மருந்தை வயிற்றுக்கு அனுப்பாமல் நேரே மூச்சுக்குழாய்க்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. அதில் நம் தமிழ் மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. உலர்த்திய ஊமத்தையின் புகையை இழுத்தால் இழுப்பு தணியும் என்ற செய்தியை, 1802ஆம் ஆண்டில் ஜெனரல் ஜென்ட் என்ற படைத்தலைவர் சென்னையிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். அதை அவருக்குச் சொன்னவர் சென்னையில் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன். இருவருக்கும் முன்பே அதை அறிந்திருந்த நம் நாட்டு வைத்தியர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறவில்லை என்பது வேறு கதை! பின்னர் ஊமத்தை அடைத்த ‘ஆஸ்துமா சிகரெட்டுகள்’ மேலைநாட்டு மருந்துக் கடைகளில் 20ஆம் நூற்றாண்டிலும் விற்பனையாயின. ஊமத்தை நச்சுச் செடி. புகையில் எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பதை அளந்து சொல்ல எவராலும் இயலாது.

அளவு என்னும் இச்சிக்கல் நெடுங்காலம் தீரவில்லை. 1903இல் அட்ரினலினை ஊசிவழி செலுத்தி ஆஸ்துமாவைத் தணிக்க முடிந்தது. பிறகு கண்ணாடித் தெளிப்பான்கள் வந்தன. இரப்பர் குமிழைக் கையால் அமுக்கினால் மருந்து ஆவிபோல் சிதறி வாய்க்குள் போகும். கண்ணாடி என்பதால் எளிதில் உடையும், மருந்து ஒழுகும். அமுக்குகின்ற கையின் வலிமைக்கேற்ப அளவும் மாறும். இப்படிப்பட்ட கருவியைப் பள்ளிப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை ஓடியாடித் திரிவதை நினைத்துப் பாருங்கள்.

அந்த இடத்தில்தான் ஒரு சிறுமி வருகிறாள். 1955ஆம் ஆண்டு, அமெரிக்காவில் ரைக்கர் என்னும் மருந்து நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் மேசன். அவருடைய பதின்மூன்று வயது மகளுக்கு ஆஸ்துமா. கூந்தலுக்கான தெளிப்பு மருந்தைத் தகரக் குப்பியில் அடைத்து விற்கிறார்களே, என் மருந்தை ஏன் அப்படி அடைத்துத் தரக்கூடாது என்று தந்தையிடம் கேட்டாளாம். தந்தை அதைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடவில்லை. நறுமணத் தைலத்திற்காக அப்போதுதான் உருவாகியிருந்த ஒரு தடுக்கிதழ், ஒவ்வோர் அழுத்தத்திற்கும் ஒரே அளவை மட்டும் வெளிவிட்டது. அதையும் அழுத்தப்பட்ட வாயுவையும் இணைத்து, 1956இல் முதல் அளவு இன்ஹேலரை அந்நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி. அழுத்துபவர் குழந்தையானாலும் பெரியவரானாலும் வெளிவரும் அளவு ஒன்றே. மாணவர் ஒருவர் தம் மருந்தைத் தாமே பாதுகாப்பாக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அன்றுதான் பிறந்தது என்பேன்.

கதை இத்துடன் இனிதாக முடிந்திருக்கலாம். முடியவில்லை. 1960களில் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஆஸ்துமாவால் இறப்போர் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. பிரிட்டனில் அவ்வுயர்வு பத்து முதல் பதினான்கு வயதினரிடையே மிகக் கடுமையாக இருந்தது. நம் ஆறாம் ஆண்டு மாணவர்களும் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் இருக்கும் வயது! ஐயம் இன்ஹேலரின் மேல் விழுந்தது. அப்போது பயன்பட்ட ஐசோபிரினலின், மூச்சுக்குழாயோடு இதயத்தையும் தூண்டக்கூடியது. அதிலும் ‘ஃபோர்ட்’ என்னும் செறிவு மிகுந்த வகை, அது விற்பனையான நாடுகளில் ஐயத்திற்குரியதாயிற்று. மூச்சு வாங்கவாங்கப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப அழுத்தினர். மருத்துவரிடம் போவது தள்ளிப்போனது. எச்சரிக்கைகள் வெளியான பின் விற்பனை சரிந்தது, இறப்புகளும் குறைந்தன. இதயத்தைக் குறைவாகத் தூண்டும் சல்பியூட்டமால், டேவிட் ஜாக் தலைமையிலான பிரிட்டிஷ் ஆய்வுக்குழுவால் உருவாக்கப்பட்டு 1969இல் வெளிவந்தது. இன்று நம் மாணவர்கள் வைத்திருக்கும் நீலநிற இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பது அதுவே.

ஆகவே, பிள்ளையின் கையில் மருந்தைக் கொடுக்கப் பெரியவர்கள் அஞ்சியதை மூடத்தனம் என்று சொல்லிவிட இயலாது. மருந்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தால் பிள்ளை பிழைக்கும் என்பது அனுபவம் கற்றுத் தந்த பாடந்தான். சிக்கல் என்னவென்றால், கட்டுப்பாடு என்பது பல பள்ளிகளில் பூட்டு என்ற ஒரே வடிவத்தை எடுத்துக்கொண்டது.

அதன் விளைவைக் கனடாவின் ஒன்டாரியோ மாநிலம் கண்டது. 2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பன்னிரண்டு வயது மாணவன் ஒருவனுக்கு இடைவேளையில் ஆஸ்துமா முற்றியது. அவனுடைய இன்ஹேலர் பள்ளி அலுவலகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. மகன் இறந்தான். அவன் கையில் இன்ஹேலர் இருக்க வேண்டும் என்று பள்ளியுடன் முன்பே போராடிய தாய், அதன்பின் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். 2015இல் சட்டம் நிறைவேறியது. அம்மாணவனின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. பெற்றோரின் ஒப்புதலோடு மாணவர் தம் ஆஸ்துமா மருந்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளப் பள்ளி முதல்வர் இடமளிக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி.

அதே மாநிலத்தில் 2003இல் பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி உணவு ஒவ்வாமையால் பள்ளியில் மயங்கி விழுந்து, பின் உயிர் நீத்தாள். அவளுக்குரிய அட்ரினலின் ஊசி அவள் அருகில் இல்லை. 2005இல் நிறைவேறி 2006இல் நடப்புக்கு வந்த ஒவ்வாமைச் சட்டம் அதன் பயன். ஒவ்வாமைக்குச் சட்டம் வந்தும், ஆஸ்துமாவுக்கு இன்னொரு பிள்ளையின் இறப்பு தேவைப்பட்டது. இதை எழுதும்போது மனம் கசக்கிறது.

இங்கே நம் தொழில் சார்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காய்ச்சல் மருந்தை அரைமணி நேரம் தாமதித்துக் கொடுத்தால் பெருங்கேடு ஒன்றும் நேராது. கவனக்குறைபாட்டுக்குக் கொடுக்கும் மாத்திரை பிற பிள்ளைகள் கைக்குப் போனால்தான் கேடு. அதைப் பூட்டுவதே முறை. மூச்சுத் திணறலோ நிமிடக் கணக்கு. திடலிலிருந்து அலுவலகம், அலுவலகத்தில் சாவி, சாவி வைத்திருப்பவர் கூட்டத்தில் என்று ஓடிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை. மருந்தின் ஆபத்தையும் தாமதத்தின் ஆபத்தையும் எடைபோட்ட பிறகே அதற்கு இடம் குறிக்க வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளையின் இன்ஹேலரை வகுப்பாசிரியர் வைத்துக்கொள்ளட்டும். திடலுக்குப் போகும்போது அதுவும் உடன் போகட்டும். பயன்படுத்தத் தெரிந்த மூத்த மாணவரிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. ஆனால், எத்தனை முறை அழுத்தினார், எப்போது அழுத்தினார் என்பதை ஆசிரியர் எழுதி வைத்துப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். அடிக்கடி அழுத்த நேர்வது நோய் கட்டுக்குள் இல்லை என்பதன் அறிகுறி. 1960களில் தவறிப்போன கவனம் அதுதான்.

பூட்டாமல் எப்படிப் பாதுகாப்பது என்று கேட்போருக்கு இங்கிலாந்தின் நடைமுறையைக் காட்டலாம். 2014 அக்டோபர் முதல் அங்குள்ள பள்ளிகள் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே அவசரத்திற்கென ஒரு சல்பியூட்டமால் இன்ஹேலரை வாங்கி வைத்துக்கொள்ளலாம். மாணவரின் சொந்தக் கருவி கைவசம் இல்லாதபோதோ, பழுதாகும்போதோ, மருந்து தீர்ந்தபோதோ அது உதவும். ஆஸ்துமா உள்ளதென அறியப்பட்ட அல்லது இன்ஹேலர் எழுதித் தரப்பட்ட, பெற்றோர் எழுத்துமூலம் ஒப்புதல் தந்த பிள்ளைகளுக்கு மட்டுமே அதைத் தரலாம். அவர்களின் பெயர்ப்பட்டியல் கருவியுடனேயே இருக்க வேண்டும். அதை வைக்கும் இடத்தைப் பற்றியும் அரசின் வழிகாட்டி பேசுகிறது. பள்ளியின் நடுவில், பணியாளர் அனைவரும் அறிந்த, எந்நேரமும் எடுக்கக்கூடிய இடம். பிள்ளைகளின் கைக்கும் கண்ணுக்கும் எட்டக்கூடாது. ஆனால், பூட்டவும் கூடாது.