தரங்கம்பாடிக் கோட்டையில் நான்கு மாதம்

என் மனைவி கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு இரண்டு வருடம் நான் கோவிலுக்குப் போனேன், வந்தேன், அவ்வளவுதான். ஜெபம் வாயில் வந்தது, மனதில் வரவில்லை. முப்பது வருடமாக நடத்திய ஞாயிறு பள்ளி வகுப்பையும் விட்டுவிட்டேன். பிள்ளைகளெல்லாம் இங்கிலீஷ் மீடியம். தமிழ் வேதாகமத்தில் ஒரு வசனம் வாசிக்கச் சொன்னால் விழிக்கிறார்கள். இனி யாருக்காக என்று இருந்தது. அந்தச் சமயத்தில்தான் பேரன் என்னைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போனான்.

எனக்குப் புதிய ஊர் அல்ல. தமிழாசிரியராக இருந்தபோது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பலமுறை போயிருக்கிறேன். அச்சுக்கூடம், 1715-இல் அச்சாகி முடிந்த தமிழ்ப் புதிய ஏற்பாடு என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். இந்த முறை டேனியக் கோட்டைக்குள் நின்றபோது மனம் அச்சுக்கூடத்துக்குப் போகவில்லை. சீகன்பால்க் ஐயரை அடைத்து வைத்தது இந்தக் கோட்டையில் அல்லவா!

டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி, 1706 ஜூலையில் புளூட்சோ ஐயருடன் இங்கே கரையிறங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 24 வயது. உடம்பு சரியில்லாமல் ஹாலே நகரில் படிப்பைப் பாதியில் விட்டவர். அரசர் அனுப்பிய ஆள் என்றாலும் டேனிய ஆளுநர் ஹாசியஸுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. ஐயரோ திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார். அடுத்த மாதமே சிறை. ஒரு விதவைக்காக வழக்கில் பரிந்து பேசியதில் முற்றிய தகராறு அது. ஐயரும் பொறுமைசாலி அல்ல, கோபக்காரர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான்கு மாதம். தொடங்கிய வேலை வெளியே அப்படியே கிடக்கிறது. தன்னை அனுப்பிய அரசரின் கொடி பறக்கும் கோட்டையிலேயே கைதி. எந்த மனிதனுக்கும் மனம் உடைந்துபோகும். ஆனால் அவர் சிறைக்குள் இருந்தபடி கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றி ஒன்றும் போதக ஊழியத்தைப் பற்றி ஒன்றுமாக ஜெர்மனில் எழுதினார். என்னை நிறுத்தியது அந்த இரண்டாவது புத்தகம்தான். ஊழியமே பறிபோயிருந்த நேரத்தில் ஊழியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறார்! 1709-இல் வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, 1711-இல் மொழிபெயர்ப்பை முடித்தார். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தார். 1719 பிப்ரவரியில் 36 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சத்தை முடித்தவர் சூல்ட்சே ஐயர்.

கடற்கரையிலிருந்து புதிய எருசலேம் ஆலயத்துக்கு நடந்தோம். 1718-இல் அவரே கட்டியது, உள்ளேதான் அடக்கமாகியிருக்கிறார். அங்கே உட்கார்ந்து, ரொம்ப நாளுக்குப் பிறகு ஜெபித்தேன். பேரன் வெளியே செருப்புக்குக் காவல் நின்றான்.

ஊர் திரும்பியதும் போதகரிடம் போய், வகுப்பை மறுபடி எடுக்கிறேன் என்றேன். முதலில் எழுத்து, பிறகுதான் வசனம். ஒரு தாம்பாளத்தில் ஆற்று மணல் கொண்டுவந்து பரப்பி வைத்தேன். போன ஞாயிறு மூன்று பிள்ளைகள் வந்தார்கள். ஒருத்திக்கு இன்னும் ‘ழ’ சுழிக்க வரவில்லை.